போர்க்களத்தில் வைத்திய உதவி: முதன்முதலாக வெளிக்கிடுகிற பிள்ளைகளுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

"அக்கா, வேலை கிடைச்சிட்டுது. அடுத்த மாதம் வெளிக்கிடுறன். என்னென்ன கொண்டுபோக வேணும்?" என்று கேட்டு வருகிற பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். இங்கே சண்டை ஓய்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் உலகத்தில் ஓயவில்லை. திருகோணமலையில் வளர்ந்த பிள்ளைக்கு முகாம் என்றால் என்ன, சோதனைச் சாவடி என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளையாக முகாமில் இருப்பது வேறு, அதே முகாமுக்குள் உதவி அமைப்பின் ஆளாக நுழைவது வேறு. இரண்டாவதற்குப் பழக வேண்டும். அதற்கான படிகளை, நான் பிழைவிட்டுப் படித்தவற்றையும் சேர்த்து, எழுதுகிறேன்.

முதல் படி: ஏற்கெனவே அங்கே இருப்பது யார் என்று பாருங்கள்

போய் இறங்கிய அன்றே கூடாரம் அடிக்கவும் மருந்துப் பெட்டி திறக்கவும் கை துறுதுறுக்கும். பொறுங்கள். முதல் நாளில் கொப்பியும் பேனையும் போதும். இந்தப் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரி யார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யார், குடும்பநல மாது எந்த வீட்டில் இருக்கிறார், கிராம சேவகர் எங்கே ஒதுங்கியிருக்கிறார் என்று தேடிப் பிடியுங்கள். வேறு நாட்டில் பதவிப் பெயர்கள் மாறும், ஆட்கள் இருப்பார்கள்.

எங்கள் நாட்டுப் போரில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கட்டுப்பாடு யார் கையில் இருந்தாலும், அரச ஆஸ்பத்திரிகளில் டொக்டர்களும் தாதிமாரும் வேலையில் நின்றார்கள். குடும்பநல மாது சைக்கிளில் வீடு வீடாகப் போனார். உதவி அமைப்புகள் வந்தது அவர்களுக்குப் பதிலாக அல்ல. மருந்து குறைந்தபோது மருந்து, ஜெனரேட்டருக்கு எண்ணெய், சத்திரசிகிச்சை செய்ய ஆள், நோயாளியைப் போர்முனைக் கோடு தாண்டிக் கொண்டுபோக வாகனம் என்று அவர்களுடைய கையை நீட்டிக் கொடுக்கத்தான். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1986 முதல் 2003 வரை இலங்கையில் இருந்தது. பெரும்பாலும் அது வேலை செய்தது அரச ஆஸ்பத்திரிகளுக்குள்ளேதான்.

ஆகவே அந்த மாது உங்களிடம் "எனக்குத் தராசு இல்லை, கூட வந்து குழந்தைகளை நிறுக்க ஒரு பிள்ளையும் வேணும்" என்று கேட்டால், அதுதான் உங்கள் முதல் வேலைத்திட்டம். தலைமை அலுவலகம் அனுப்பிய திட்டம் இரண்டாவது.

இரண்டாம் படி: எந்த அடையாளத்தோடு நிற்கிறீர்கள் என்று தெரிந்திருங்கள்

1949-ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவாக 3-ஆம் உறுப்புரை இருக்கிறது. ஒரு நாட்டுக்குள்ளே நடக்கிற சண்டைக்கும் அது பொருந்தும். காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் எடுத்துப் பராமரிக்க வேண்டும், பக்கம் சாராத மனிதாபிமான அமைப்பு தன் சேவையைத் தர முன்வரலாம் என்று அது சொல்கிறது. நீங்கள் அங்கே நிற்பதற்கான உரிமை இந்த வரியிலிருந்துதான் வருகிறது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் வாதாட அல்ல, என்ன கேட்கிறோம் என்று உங்களுக்கே தெளிவாக இருக்க.

செஞ்சிலுவையும் செம்பிறையும் வைத்தியத்துக்கான பொதுச் சின்னங்கள் என்று நினைக்கிறோம். ஃபார்மசிப் பலகையிலும் முதலுதவிப் பெட்டியிலும் வரைகிறோம். அது பிழை. அவை போரில் பாதுகாப்புக்கான சின்னங்கள். இராணுவ வைத்தியப் பிரிவும், செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும், உரிய அனுமதி பெற்ற வைத்தியசாலைகளும்தான் பாவிக்கலாம். இலங்கையில் 2006-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்க ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் இதைக் காக்கிறது. உங்கள் அமைப்புக்கு அந்த உரிமை இல்லையென்றால் உங்கள் சொந்தச் சின்னத்தை மட்டும் ஒட்டுங்கள். கண்டவரெல்லாம் சிலுவை ஒட்டினால், உண்மையான அம்புலன்ஸைப் பார்க்கிற சிப்பாய்க்கும் சந்தேகம் வரும்.

வாகனத்துக்குள் ஆயுதம் ஏறக்கூடாது. காயப்பட்டவர் ஆயுததாரியாக இருந்தால் அவரை ஏற்றலாம், ஏற்றவும் வேண்டும். அவருடைய துவக்கை ஏற்றக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

மூன்றாம் படி: லொறி முதலில் எந்த ஊருக்குப் போகிறது?

இதை ஆற அமர வாசியுங்கள். மூதூரில், கிண்ணியாவில், கந்தளாயில், சேருவிலவில், வெருகலில் வேலை செய்த எவருக்கும் இதன் அருமை தெரியும்.

திருகோணமலை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். பக்கம் சாராமை என்று புத்தகத்தில் இருப்பது, இங்கே ஒரு லொறி எந்தச் சந்தியில் திரும்புகிறது என்பதில் தெரிந்துவிடும். ஒருமுறை நான் இருந்த குழு, பாதை நல்லாக இருந்த காரணத்துக்காக மட்டும், ஒரு ஊருக்கு முதலில் சாமான் இறக்கியது. அடுத்த ஊருக்குப் போகப் பாலம் உடைந்திருந்தது, மூன்று நாள் பிந்தியது. எங்கள் மனதில் வஞ்சகம் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் நாங்கள் அந்த இரண்டாவது ஊருக்கு நடமாடும் வைத்திய சேவைக்குப் போய் மேசை போட்டபோது ஒருவரும் வரவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் வெறும் கதிரைகளோடு மத்தியானம் வரை இருந்தோம். கடைசியில் ஒரு பெரியவர் வந்து, கோபப்படாமல், "உங்கட மருந்து நல்ல மருந்துதான் மகள். ஆனா நீங்க அவங்கட ஆக்கள் எண்டு பொடியன்மார் சொல்றாங்க" என்றார். ஒரு குழந்தைக்குச் சளி முற்றிச் சுவாசம் இழுத்துக்கொண்டிருந்தது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தாய் எங்களிடம் கொண்டுவரவில்லை. எங்கள் வாகனத்தில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அந்தக் குழந்தை பிழைத்தது. பிழைத்திராவிட்டால் குற்றம் எங்களுடையதுதான்.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போக முடியாவிட்டால், போவதற்கு முன்பே எல்லா ஊருக்கும் ஆள் அனுப்பி, யாருக்கு எப்போது என்ன வரும், ஏன் அந்த ஒழுங்கு என்று சொல்லிவிடுவேன். கோயில் தர்மகர்த்தா, பள்ளிவாசல் நிர்வாகம், விகாரையின் தேரர், மாதர் சங்கத் தலைவி எல்லோரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். குழுவில் மூன்று சமூகத்தவரும் இருப்பார்கள், மருந்துச் சிட்டை மூன்று மொழியிலும் இருக்கும். நீங்கள் போகப்போகிற நாட்டில் சமூகங்களின் பெயர் வேறாக இருக்கும். சந்தியில் நின்று லொறியைப் பார்க்கிற கண்கள் இதே கண்கள்தான்.

ஆயுதம் வைத்திருக்கிற எல்லாத் தரப்போடும் பேசத்தான் வேண்டும். ஒரு தரப்போடு மட்டும் தேநீர் குடிக்காதீர்கள்.

நான்காம் படி: காயத்தை மட்டும் தேடாதீர்கள்

போர் என்றால் ஷெல், சன்னம், இரத்தம் என்றுதான் மனதில் வரும். முகாமில் உயிர் போவது பெரும்பாலும் அதனால் அல்ல. வயிற்றோட்டம், சின்னமுத்து, நிமோனியா, நின்றுபோன மருந்து, நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேராத பிரசவம்: இவைதான் சத்தமில்லாமல் கொண்டுபோகிறவை.

2006 ஆகஸ்டில் மூதூர்ச் சனம் கிளிவெட்டிப் பக்கமாக நடந்து கந்தளாய்ப் பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தபோது, பதிவு மேசையில் நான் இருந்தேன். ஒரு மூதாட்டி வரிசையில் நின்றா. காலில் செருப்பு இல்லை. நெஞ்சோடு ஒரு சொப்பிங் பையை அணைத்திருந்தா. காசோ நகையோ என்று நினைத்தேன். அவ முடிச்சை அவிழ்க்க விரல் நடுங்கி நேரமெடுத்தது. பைக்குள் இன்னொரு பை. அதற்குள் நான்காக மடித்த கிளினிக் கொப்பி, ஓரம் நனைந்து நீல மை ஊறியிருந்தது. அதோடு ஒரு மாத்திரைக் காட், நான்கு குளிசைதான் மிச்சம். "பிறஷருக்கும் சீனிக்கும் மகள். திங்கக்கிழமை கிளினிக். திங்களும் போயிட்டுது" என்றா. எங்கள் பதிவுப் படிவத்தில் காயத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. காய்ச்சலுக்கு ஒரு கட்டம் இருந்தது. அவவை எழுத ஒரு கட்டம் இருக்கவில்லை. அன்றிரவே படிவத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு "கிளினிக் நோயாளர்" என்று ஒரு நிரல் கீறினோம். இரண்டு நாளில் அந்த நிரல்தான் மற்ற எல்லாவற்றையும் விட நீளமாகப் போனது.

ஆகவே உங்கள் படிவத்தில் முதல் நாளே இவற்றுக்கு இடம் விடுங்கள்: சீனி வருத்தம், பிறஷர், வலிப்பு, முட்டு (ஆஸ்மா), காசநோய்க்கு மருந்து எடுப்பவர், இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர், பிள்ளைத்தாச்சிகள் எத்தனை மாதம் என்று. கிளினிக் கொப்பி உள்ளவரிடம் அதை வாங்கி வைக்காதீர்கள். படம் பிடித்துக்கொண்டு அவரிடமே கொடுங்கள். அது அவருடைய சொத்து.

இன்சுலின் பற்றி ஒன்று. திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத இடத்தில் ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் தேடுங்கள். ஐஸில் நேரடியாக முட்ட விடாதீர்கள், உறைந்தால் பழுது. அதுவும் இல்லையென்றால் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, இடையில் ஈர மணல் போட்டு, நிழலில் ஈரச்சாக்கால் மூடுங்கள். பிரிட்ஜ் அளவுக்குக் குளிராது. ஆனால் வெயில் மருந்தைக் கொல்லாமல் சில வாரம் தாங்கும்.

தண்ணீர், மலசலகூடம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பது உலகம் முழுதும் உதவி அமைப்புகள் ஏற்றுக்கொண்ட அளவு. பவுசர் வந்ததா என்று மட்டும் பார்க்காமல், கடைசிக் கூடாரத்தில் இருப்பவருக்கு எத்தனை வாளி போய்ச் சேர்ந்தது என்று எண்ணுங்கள். பெண்களின் மலசலகூடத்துக்கு உள்ளே கொளுக்கியும் வெளியே வெளிச்சமும் வேண்டும். இல்லாவிட்டால் இருட்டின பிறகு போகாமல் இருக்க, அவர்கள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பொதி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்). அது முடிந்துவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. தாய்க்குச் சொல்லிக்கொடுத்தால் போதாது, உங்கள் முன்னாலேயே ஒருமுறை கலக்கச் சொல்லுங்கள்.

சனம் நெருங்கி இருக்கிற முகாமில் சின்னமுத்துத் தடுப்பூசி முதல் வரிசை வேலை. 6 மாதம் முதல் 15 வயது வரை. 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு விற்றமின் ஏ-யோடு. குழந்தைகளின் மேற்கையை அளக்கும் நாடா ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் கை 115 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் கடும் போசாக்கின்மை, அன்றே அனுப்ப வேண்டும். அந்த நாடாவைக் குழந்தையின் கையில் சுற்றும்போது, சிவப்பு நிறம் தெரியுதா என்று தாயின் கண்ணும் உங்கள் விரலில்தான் இருக்கும். முகத்தைச் சுளிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: காயப்பட்டவர்கள் கூட்டமாக வரும்போது

கத்துகிறவரிடம் முதலில் ஓடாதீர்கள். கத்த முடிகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் மூலையில் கிடப்பவரைப் பாருங்கள். சிவப்பு உடனே, மஞ்சள் சற்றுப் பொறுக்கலாம், பச்சை நடக்க முடிந்தவர், கறுப்பு இறந்தவரும் காப்பாற்ற முடியாதவரும். வரிசைப்படுத்தும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும், மற்றவர்கள் அவரோடு வாதாடக்கூடாது.

இரத்தம் பாய்ந்தால் துணி வைத்து முழுப் பாரத்தோடு அமத்துங்கள். கையிலோ காலிலோ நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே இறுக்குக் கட்டு. கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டின் மேலோ எழுதுங்கள், ஆஸ்பத்திரி போகும் வரை தளர்த்தாதீர்கள். வயிறு கிழிந்து குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளக்கூடாது. ஈரமான சுத்தத் துணியால் மூடுங்கள், வாயால் ஒன்றும் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர் தேத்தண்ணி பருக்க வருவார்கள். அன்பாக மறியுங்கள்.

ஆறாம் படி: பாதையைத் தயார்ப்படுத்துங்கள்

வைத்தியம் தெரிந்தால் மட்டும் போதாது, நோயாளி போய்ச் சேர வேண்டும். பாலங்கள் வருமுன் மூதூரிலிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு வர, கொட்டியாரக் குடாவில் படகு ஏற வேண்டும், அல்லது வழி நெடுகத் துறைகளில் பாதைக்கு (வாகனம் ஏற்றிக் கடக்கிற மிதவைக்கு) காத்திருக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில்தான். இரவில் வலி கண்ட பிள்ளைத்தாச்சிக்கு அந்தக் கடல்தான் முதல் நோய்.

போரின் கடைசி மாதங்களில், 2009 பெப்ரவரியிலிருந்து மே வரை, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கப்பலில் ஏற்றி வந்தது. கரையில் இறங்குதுறை இல்லாததால், மீன்பிடி வள்ளங்களில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய்க் கப்பலுக்கு மாற்றினார்கள். முதலில் திருகோணமலைக்கு வந்தார்கள். மார்ச்சில் புல்மோட்டையில் இந்திய வைத்தியக் குழு ஒன்று கள ஆஸ்பத்திரி அமைத்ததும், கப்பல் அங்கே போகத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் அப்படி உயிர் தப்பினார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இரண்டு தரப்பிடமும் நேரம், வழி, ஆட்கள் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. சம்மதம் கிடைக்காத நாளில் கப்பல் நின்றது.

உங்கள் அளவில் செய்யக்கூடியது இதுதான். ஒவ்வொரு முகாமிலிருந்தும் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பகலில் எவ்வளவு நேரம், இரவில் எவ்வளவு, எந்தச் சாவடியில் யாரிடம் சொல்ல வேண்டும், ஓட்டுநருக்கு அந்த மொழி வருமா என்று ஒரு தாளில் எழுதி வாகனத்தில் ஒட்டுங்கள். ஓட்டுநரைக் குழுவின் கடைசி ஆளாக நடத்தாதீர்கள். பாதையில் முடிவெடுப்பவர் அவர்தான்.

ஏழாம் படி: சொல்லைக் கேளுங்கள்

வெளிநாட்டு டொக்டருக்கு மொழிபெயர்க்க உங்களைத்தான் விடுவார்கள். கிழக்கில் ஒரு பெண் "ஒரே யோசனையா இருக்கு" என்றால், அவ எதையோ சிந்திக்கிறா என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள். அவ சொல்வது நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காணாமல் போன மகன் மனதை விட்டு அகலவில்லை என்பது. "நெஞ்சு அடைக்குது" என்பதும் எல்லா நேரமும் இருதயம் அல்ல. ஆனால் சில நேரம் இருதயம்தான், ஆகவே இரண்டையும் பாருங்கள்.

ஆண் மொழிபெயர்ப்பாளர் முன்னால் "வெள்ளை படுது" என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டா. தலைச்சுற்று என்பா, பனடோல் வாங்கிக்கொண்டு போய்விடுவா. பெண்ணுக்குப் பெண் ஆள், ஒரு திரைச்சீலை. இரண்டும் இல்லாவிட்டால் அன்றைய கிளினிக்கில் பாதி நோய் உங்கள் மேசைக்கு வரவே இல்லை என்று கணக்கில் எடுங்கள்.

எட்டாம் படி: உங்கள் உயிர்

2006 ஆகஸ்ட் 4. மூதூரில் பட்டினிக்கு எதிராக வேலை செய்யும் பிரெஞ்சு அமைப்பின் அலுவலக வளவுக்குள் அதன் ஊழியர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். எல்லோரும் எங்கள் நாட்டுப் பிள்ளைகள். சுனாமிக்குப் பிறகு தண்ணீர், சுகாதார வேலைக்கு வந்தவர்கள். அமைப்பின் ரீசேட் உடம்பில் இருந்தது. இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இதை எழுதுவது உங்களைப் பயமுறுத்த அல்ல. சின்னம் கவசம் அல்ல என்று நீங்கள் போகுமுன் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. 2015 ஒக்டோபர் 3-இல் ஆப்கானிஸ்தானின் குந்தூஸில், எல்லைகளற்ற மருத்துவர்களின் ஆஸ்பத்திரி மீது அமெரிக்க விமானம் தாக்கியதில் 42 பேர் இறந்தார்கள். அது இருக்கிற இடத்தை முன்கூட்டியே சகல தரப்புக்கும் அறிவித்திருந்தார்கள். 2016-இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை வைத்தியப் பணிகளைப் பாதுகாக்க 2286-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. தாக்குதல்கள் அதோடு நிற்கவில்லை.

அதனால், வேலைக்குக் கையொப்பமிடுமுன் இவற்றைக் கேளுங்கள். சண்டை நெருங்கினால் எங்களை எடுக்க வருவது யார், எந்த வழியால், முடிவெடுப்பவர் களத்தில் இருக்கிறாரா தலைநகரில் இருக்கிறாரா? வெளிநாட்டு ஊழியருக்கு ஒரு திட்டம், உள்ளூர் ஊழியருக்கு வேறொன்றா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள். கொல்லப்படுகிற உதவிப் பணியாளரில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டவர். ஆபத்துக் காப்புறுதி, குடும்பத்துக்கு அறிவிக்கும் ஆள், இரத்த வகை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

களத்தில் "எனக்கு இன்றைக்குப் போக மனமில்லை" என்று ஒருவர் சொன்னால் அந்த வாகனம் வெளிக்கிடக்கூடாது. காரணம் கேட்டு அவரைக் குடையாதீர்கள்.

பெயர்ப் பட்டியலையும் பூட்டி வையுங்கள். யாருக்கு என்ன காயம், எந்தக் கூடாரம் என்பது நோயாளிக்கும் வைத்தியருக்கும் உரியது. எந்தச் சீருடையில் யார் வந்து கேட்டாலும் "பொறுப்பாளரிடம் கேளுங்கள்" என்பதே உங்கள் பதில். முகாமில் படம் எடுத்து முகநூலில் போடுகிற பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கடைசிப் படி: திரும்பி வருவதற்கான ஆயத்தம்

காசு ஒருநாள் நிற்கும், அமைப்பு வெளியேறும். வந்த முதல் மாதமே அந்த நாளை நினைத்து வேலை செய்யுங்கள். உங்கள் கூடாரத்தில் மருந்து எடுத்த ஒவ்வொரு சீனி வருத்தக்காரருக்கும், எந்த அரச கிளினிக்கில் எந்தக் கிழமை மருந்து என்று கொப்பியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊரிலிருந்து எடுத்துப் பயிற்றிய பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுங்கள், அதை வைத்து அவர்கள் அடுத்த வேலை தேடுவார்கள். திகதி முடியப்போகிற மருந்தைக் களஞ்சியத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில், போரில் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் வருஷக்கணக்காகக் காணிக்காகக் காத்திருந்தார்கள். காணி விடுபடத் தொடங்கியது 2015-இல்தான். அந்தக் காலத்துக்குள் எத்தனையோ பெயர்ப்பலகைகள் ஏறி இறங்கின. ஆனால் குழந்தைகளின் நிறையை மாதாமாதம் நிறுத்தது அதே குடும்பநல மாதுதான். போகும்போது தராசையும் கை அளக்கும் நாடாக்களையும் மருந்துப் பெட்டிச் சாவியையும் அவரிடம் கொடுங்கள். சாமான் பட்டியலில் ஒவ்வொன்றாக எண்ணிச் சரி பார்த்து, அவர் கையொப்பம் வாங்குங்கள். பிரிட்ஜுக்கு அடுத்த மாத எண்ணெய்க் காசு யார் தருவார் என்ற கேள்விக்குப் பதிலும் அந்தத் தாளில் இருக்கட்டும்.